கிளார்க்‌ஷிப் ஆகஸ்ட்ல முடியுது, லா ஃபர்ம்க்கு எப்போ அப்ளை பண்றது?

கேள்வி: அக்கா, லா ஸ்கூல் முடிச்சிட்டு நியூ ஜெர்சில ஒரு ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்கிட்ட, கேஸ் படிச்சு சட்டம் தேடி குறிப்பு எழுதி அவருக்கு உதவற ஒரு வருஷ கிளார்க்‌ஷிப்ல இருக்கேன், செப்டம்பர்ல சேர்ந்தேன், வர்ற ஆகஸ்டோட முடியுது. செகண்ட் இயர் சம்மர்ல வேலை பாத்த நியூயார்க் ஃபர்ம் ஆஃபர் குடுத்திருந்தாங்க, ஆனா இப்போ வேற ஃபர்ம்க்கு போகலாமான்னு மனசு அடிச்சுக்குது. அம்மா "கையில இருக்கற வேலைய ஒழுங்கா முடி, அப்புறம் தேடிக்கலாம்"ங்கறாங்க. எப்போ ஆரம்பிக்கட்டும்?
பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: தங்கச்சி, அம்மா அக்கறைல தான் சொல்றாங்க, ஆனா ஆகஸ்ட் வரைக்கும் காத்திருந்தா செப்டம்பர் வாடகைக்கும் ஸ்டூடன்ட் லோனுக்கும் முழிச்சிட்டு நிக்கணும். ரெஸ்யூமே பாத்து, இன்டர்வியூ வச்சு, கான்ஃப்ளிக்ட் செக் (நீ பாத்த கேஸும் ஃபர்மோட கேஸும் மோதுதான்னு பாக்கறது) முடிச்சு ஆஃபர் கைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு மூணு மாசம் ஓடிடும். அதனால ஜனவரி, பிப்ரவரிலயே ஆரம்பிச்சிடு. மே மாசம் போட்டாலும் கிடைக்கும், ஆனா நிதானமா யோசிச்சு முடிவெடுக்க டைம் இருக்காது.

ஆனா ஒரே ஒரு ரெஸ்யூமே அனுப்பறதுக்கு முன்னாடியும் உன் ஜட்ஜ்கிட்ட போய் பேசணும், இத நான் எத்தன தடவ வேணாலும் சொல்வேன். சில ஜட்ஜுங்க எப்போ வேணா போடுன்னுவாங்க, சிலர் இந்த மாசத்துக்கு அப்புறம் தான்னு கண்டிப்பா இருப்பாங்க. நீ பாக்கற கேஸ்ல ஆஜராகற வக்கீல்கிட்டயே வேலை பேசறதா இருந்தா, மொதல்ல ஜட்ஜ்க்கு தெரியப்படுத்தணும்னு அமெரிக்கன் பார் அசோசியேஷன்ங்கற வக்கீல் சங்கத்தோட மாடல் ரூல் 1.12ல இருக்கு. நான் கிளார்க்கா இருந்தப்போ ஒரு ராத்திரி ஒரு ஃபர்ம்க்கு ரெஸ்யூமே அனுப்பிட்டு படுத்தேன், மறுநாள் காலைல மேஜைல புதுசா ஒரு சம்மரி ஜட்ஜ்மென்ட் மோஷன் (விசாரணை இல்லாமலே தீர்ப்பு குடுங்கன்னு கேக்கற மனு) இருந்துச்சு, கடைசி பக்கத்துல கையெழுத்து இடத்துல அதே ஃபர்ம் பேரு! கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. அப்படியே எழுந்து ஜட்ஜ் ரூமுக்கு போய் சொன்னேன், அவர் கோவப்படல, கேஸ கூட இருந்த கிளார்க்குக்கு மாத்திட்டார். அன்னைலேர்ந்து எந்தெந்த ஃபர்ம்க்கு போடப்போறேன்னு மஞ்ச நோட் பேட்ல எழுதி முன்னாடியே அவர்கிட்ட குடுத்துடுவேன், நீயும் அப்படியே பண்ணு.

பழைய ஃபர்ம் விஷயம். அந்த ஆஃபர் லெட்டர எடுத்து தேதிய பாரு, கிளார்க்‌ஷிப் முடியற வரைக்கும் வச்சிருக்காங்களா இல்ல திரும்ப கேக்கணுமான்னு ஈமெயில்லயே கேட்டு பதில் வாங்கி வச்சுக்கோ. வேற இடம் தேடறது தப்பே இல்ல, பழசு நிக்குதா போச்சான்னு தெரியாம தேடறது தான் ஆபத்து.

காசு பத்தி நீ கேக்கல, ஆனா சொல்லிடறேன். கிளார்க்‌ஷிப் முடிச்சிட்டு வர்றவங்களுக்கு பெரிய ஃபர்ம்ங்க தனியா போனஸ் தருவாங்க, நியூயார்க்ல 50,000 டாலருக்கு மேல, 1,00,000 கூட உண்டு. ஆனா கோர்ட் வேலைல இருக்கற வரைக்கும் அதுல ஒரு காசு கூட வாங்கக்கூடாது, வெளிய வந்து சேர்ந்த அப்புறம் தான். அதோட இந்த ஒரு வருஷத்த சீனியாரிட்டில சேத்து செகண்ட் இயர் அசோசியேட்டா (ஃபர்ம்ல ரெண்டாவது வருஷ ஜூனியர் வக்கீலா) எடுப்பாங்களான்னு கேளு, கூச்சப்படாத, வருஷா வருஷம் சம்பளம் அத வச்சு தான் ஏறும்.

அப்ளை பண்றப்போ ரைட்டிங் சாம்பிள், அதாவது நீ எழுதினதுல ஒண்ண மாதிரிக்கு கேப்பாங்க. சேம்பர்ஸ்ல (ஜட்ஜ் ஆபீஸ்ல) எழுதின பெஞ்ச் மெமோவ, அதாவது கேஸ் பத்தி ஜட்ஜ்க்கு எழுதி குடுக்கற குறிப்ப, ஜட்ஜ் அனுமதி இல்லாம அனுப்பிடாத, அது உன்னோடது இல்ல, கோர்ட்டோட ரகசியம். லா ஸ்கூல்ல எழுதினதுல நல்லதா ஒண்ண இந்த வாரமே எடுத்து தூசி தட்டி வை.