எஸ்.ஐ.யாக இருக்கிறேன். தேசிய அரசியலில் தலைவராக வர விருப்பம். அதற்கு முதலில் ஐ.பி.எஸ். ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. சென்னை அண்ணா நகரில் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். இதே ஆசையோடு பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் வருவார்கள். அவர்களிடம் நான் முதலில் சொல்வது 2002ஆம் ஆண்டு குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலைப் பற்றித்தான். எதிரெதிரே நின்ற பைரோன் சிங் செகாவத், சுஷில்குமார் ஷிண்டே இருவருமே முன்னாள் சப்-இன்ஸ்பெக்டர்கள். செகாவத் 454 வாக்கு வாங்கி ஜெயித்தார், ஷிண்டேவுக்கு 305.

செகாவத் சிறு வயதிலேயே அப்பாவை இழந்து, படிப்பை விட்டு, வயலில் இறங்கியவர். பிறகு ராஜஸ்தானில் போலீஸ் வேலை. 1952 முதல் பொதுத் தேர்தலிலேயே பா.ஜ.க.வின் முன்னோடியான ஜனசங்கம் சார்பில் எம்.எல்.ஏ. ஜாகீர்தாரி எனும் நிலப்பிரபு முறையின் ஒழிப்பை அவருடைய கட்சிக்காரர்களே எதிர்த்தபோது அதை ஆதரித்து நின்றார். முதலமைச்சர் ஆனது 1977இல்.

ஷிண்டே சோலாப்பூரில் ஒரு ஏழை தலித் குடும்பத்துப் பிள்ளை. நீதிமன்றத்தில் சின்ன வேலை பார்த்துக்கொண்டே படித்து, போலீஸில் சேர்ந்தார். 1971இல் வேலையை விட்டு காங்கிரசுக்குப் போனார். 1974இல் கர்மாலா இடைத்தேர்தலில் வென்றார். மகாராஷ்டிர முதலமைச்சர் ஆக 2003 வரை ஆனது. 2012இல் மத்திய உள்துறை அமைச்சர். ஐ.பி.எஸ். அதிகாரிகளின் பணியைக் கட்டுப்படுத்தும் அமைச்சகமே அதுதான்! இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

பெரிய பதவியிலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். மும்பை கமிஷனராக இருந்த சத்யபால் சிங் 2014இல் பதவி விலகி, அதே ஆண்டு பாக்பத்தில் எம்.பி. ஆனார், பிறகு இணையமைச்சர். ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்த கிரண் பேடி 2015இல் டெல்லி முதல்வர் வேட்பாளராக நின்று தன் தொகுதியிலேயே தோற்றார். நம் ஊரில் கமிஷனர், டி.என்.பி.எஸ்.சி. தலைவர் என்று எல்லாம் பார்த்த ஆர். நட்ராஜ் 2016இல் மயிலாப்பூர் எம்.எல்.ஏ. ஆனார், 2021இல் தோற்றார். அண்ணாமலை 2019இல் ஐ.பி.எஸ்.ஸை விட்டார், 2021இல் பா.ஜ.க. மாநிலத் தலைவர். கட்சிப் பதவி வேகமாக வந்தது. அரவக்குறிச்சியிலும் கோவையிலும் வெற்றி வரவில்லை.

பெரிய போலீஸ் பதவி தேர்தலில் நிற்க சீட் வாங்கித் தரும், அதற்கு மேல் ஏற்றிவிடாது. என் கணிப்பில், முதல் இருவருக்கும் கைகொடுத்தது காலம்தான். இளமையிலேயே சீருடையைக் கழற்றியதால் கட்சிக்குள் அடிமட்டத்திலிருந்து ஏற அவர்களுக்கு முப்பது, ஐம்பது ஆண்டுகள் கிடைத்தன. இன்னொன்றும் உண்டு. ஸ்டேஷனில் உட்காரும் எஸ்.ஐ. வரப்புத் தகராறு, குடும்பச் சண்டை, திருவிழா பந்தோபஸ்து எல்லாவற்றிலும் மக்களை நேரில் பார்க்கிறார். டி.ஜி.பி. அலுவலகத்துக் கோப்புகளில் அது கிடைக்காது.

நடைமுறை விஷயம் ஒன்று. வேலையில் இருக்கும்வரை கட்சி உறுப்பினராகவே ஆகக் கூடாது. நடத்தை விதிகள் இதில் கறாரானவை. ராஜினாமா ஏற்கப்பட்டு ஆணை கைக்கு வந்த பிறகே வேட்புமனுவைப் பற்றி யோசியுங்கள்.

பணி விலகியவர்கள் தேர்தலில் நிற்க இடைவெளிக் காலம் வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2012இல் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 2022இல் உச்ச நீதிமன்றமும் அதைச் சட்டமன்றங்களின் முடிவுக்கே விட்டுவிட்டது. போலீஸுக்காவது அது கட்டாயம் வேண்டும் என்பேன். நேற்றுவரை ஒரு கட்சிக்காரர்மீது எஃப்.ஐ.ஆர். போட்டவர் இன்று எதிர்க்கட்சி மேடையில் ஏறினால், அந்த வழக்கை யார் நம்புவார்கள்?

சட்டம் கேட்காவிட்டாலும் நீங்களே ஓரிரு ஆண்டு விட்டு இறங்குங்கள். வேலை பார்த்த சரகத்தில் நிற்காதீர்கள். சொந்த ஊரில் உள்ளாட்சித் தேர்தலிலிருந்து தொடங்குங்கள்.