டைரி எழுதியும் பெற்றோருக்குத் தெரியவில்லையே: ஒன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பதில்

கேள்வி: மும்பை தாராவியில் ஓர் ஆங்கில வழிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வகுப்பில் 40 பிள்ளைகள். பாதிக்கு மேல் தமிழ் வீடு. மற்றவர்கள் இந்தி, மராத்தி பேசுகிறவர்கள். நடத்திய பாடத்தைத் தினமும் டைரியில் எழுதி அனுப்புகிறேன். போர்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுகிறேன். அப்படியும் மீட்டிங்கில், "என்ன மிஸ் சொல்லிக்கொடுக்கிறீங்க? வீட்டுக்கு வந்தா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குதே" என்றுதான் கேட்கிறார்கள். பாதிப் பேர் மீட்டிங்குக்கே வருவதில்லை. இதற்கு மேல் நான் என்ன செய்வது?

பதில்: இதற்கு மேல் எதையும் கூட்ட வேண்டாம் டீச்சர். இப்போது அனுப்புவதில் பாதியை நிறுத்திவிடலாம். "இங்கிலீஷ்: பக்கம் 14. கணக்கு: 11 முதல் 20 வரை" என்று டைரியில் எழுதுகிறீர்கள். அதைப் பார்க்கும் அம்மாவுக்கு நீங்கள் எதுவரை வந்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. தன் மகள் எதுவரை வந்திருக்கிறாள் என்பது தெரியவில்லை. அவர் மீட்டிங்கில் கேட்பது இந்த இரண்டாவதைத்தான்.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது. 2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 24-வது பிரிவில் ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் அடைந்த முன்னேற்றம், பிள்ளையைப் பற்றிய மற்ற விவரங்கள் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. போர்ஷன் எவ்வளவு முடிந்தது என்பது அந்த வரியில் எங்கும் இல்லை.

ஒன்றாம் வகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கற்றலில் பெரும்பகுதி காதிலும் வாயிலும் நடக்கிறது. சத்தத்தைப் பிரித்துக் கேட்பது, சேர்த்துச் சொல்வது, கதையைத் திரும்பச் சொல்வது, ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவது. இது எதுவும் நோட்டில் ஏறாது. 2020-ல் வந்த பள்ளிப் பை கொள்கை 2-ம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்கிறது. நல்ல விஷயம், நான் முழு மனதாக ஆதரிக்கிறேன். ஆனால் நோட்டு நிறைய எழுதி, டிக்டேஷனுக்கு மார்க் வாங்கி வளர்ந்த பெற்றோருக்கு, வெறுங்கையோடு வருகிற பிள்ளையைப் பார்த்தால் பயம் வருவது இயற்கை. கண்ணுக்குத் தெரியாததைத் தெரியவைக்கும் வேலை நம் தலையில்தான் விழுகிறது.

முதலில் வருடக் கடைசியில் எங்கே போய்ச் சேரப் போகிறோம் என்பதை வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள். மத்திய அரசு 2021 ஜூலையில் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் ஒன்றாம் வகுப்புக்கு வைத்திருக்கும் இலக்கு எளிமையானது. இதற்கு முன் பார்த்திராத பகுதியிலிருந்து 4, 5 எளிய சொற்கள் கொண்ட சின்ன வாக்கியத்தைப் படிக்க வேண்டும். 99 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும், எளிய கூட்டல் கழித்தல் செய்யவும் தெரிய வேண்டும். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஸ்பெல்லிங் ஒப்பிப்பதைக் கேட்டுக் கலங்கிப்போயிருக்கிற அம்மாவுக்கு இது பெரிய ஆறுதல். தமிழிலும் இந்தியிலும் ஒரு சீட்டில் அடித்து டைரியின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்து, தினமும் எழுதுவதை விட்டுவிட்டு வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை, ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். இப்படி:

"வணக்கம், ஒன்னாங் கிளாஸ் மிஸ் பேசுறேன். இந்த வாரம் நம்ம பிள்ளைங்க எம், ஆர், எஃப், ஏ, என் இந்த அஞ்சு எழுத்தோட சத்தத்தையும் சேர்த்து மேன், ரேன், ஃபேன்னு படிக்க ஆரம்பிச்சிருக்காங்க. சில பேர் கடகடன்னு படிக்கிறாங்க, சில பேர் ஒவ்வொரு சத்தமா நிறுத்திச் சொல்றாங்க. ரெண்டும் சரிதான். இன்னைக்கு ராத்திரி பால் பாக்கெட்டைக் கையில குடுத்து, இதுல 'எம்' எங்க இருக்குன்னு கேளுங்க. எழுதச் சொல்ல வேண்டாம், காட்டினா போதும்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது: பிள்ளைகளுக்கு என்ன வருகிறது, எது வரை இயல்பு, வீட்டில் என்ன கேட்கலாம். மூன்றாவதுதான் உயிர். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்டால் ஆறு வயதுப் பிள்ளை "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லும். ஐந்து மணி நேரத்தைத் திரட்டி ஒரே பதிலாகச் சொல்ல அந்த வயதில் வராது. அதே பிள்ளையிடம் ஒரு பாக்கெட்டைக் கொடுத்து எழுத்தைக் காட்டச் சொன்னால் உற்சாகமாகக் காட்டும். காட்டிக்கொண்டே வகுப்பில் நடந்த மற்றதையும் சொல்லிவிடும். கணக்கு வாரமென்றால் மும்பை மாநகர 'பெஸ்ட்' பஸ்ஸின் நம்பரைப் படிக்கச் சொல்லலாம். படிப்பறிவில்லாத பாட்டியும் கேட்கக்கூடிய கேள்வியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உங்கள் பகுதியில் பல வீடுகளில் சாயங்காலம் பிள்ளையோடு இருப்பது பாட்டிதான்.

டியூஷன் அக்காவையும் மறக்கக் கூடாது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக்கூட நாலு மணிக்கு டியூஷனில் விட்டுவிடுகிறார்கள். நீங்கள் எழுதும் டைரியை முதலில் படிப்பவர் அவர். பக்க எண்ணைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைப் பத்து முறை எழுத வைக்கிறார். அவர் மேலும் தப்பில்லை, கொடுத்த தகவல் அவ்வளவுதானே. மெசேஜைப் பெற்றோர் மூலமாக அவருக்கும் போகச் செய்யுங்கள். "எழுத வேண்டாம், பேச வையுங்கள்" என்ற ஒரு வரி அவர் காதில் விழுந்தாலே பிள்ளையின் சாயங்காலம் மாறிவிடும்.

குரூப்பைப் பற்றிச் சுருக்கமாக. அட்மின் மட்டும் அனுப்பும்படி வைத்துவிடுங்கள். குட்மார்னிங் படங்களுக்கு நடுவே உங்கள் செய்தி காணாமல் போகாது. பிராட்காஸ்ட் லிஸ்டை நம்ப வேண்டாம். உங்கள் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். பல வீடுகளில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அதனால் இரவு 8 மணிக்கு மேல் கேட்கிற மாதிரி அனுப்புங்கள். ஒரு பிள்ளையின் நோட்டையோ மார்க்கையோ குரூப்பில் ஒருபோதும் போடாதீர்கள், பாராட்டுவதற்காகக்கூட வேண்டாம். மற்ற 39 வீடுகளில் அன்று இரவு திட்டு விழும். பிள்ளைகளின் படத்தைப் போட வேண்டுமென்றால் பெற்றோரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வையுங்கள்.

இப்போது பிள்ளை எழுதுவதற்கு வருகிறேன். பெற்றோருக்கு முன்னேற்றத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில், ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, ஒரு படம் வரைந்து அதற்குக் கீழே தனக்குத் தெரிந்தபடி எழுதச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள். மூலையில் தேதி மட்டும் போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள். ஜூலையில் மாம்பழத்தை வரைந்து, 'மேங்கோ' என்பதற்கு எம், ஜி, ஓ என்று மூன்றே எழுத்துப் போட்டிருக்கும். அம்மா கண்ணுக்கு அது தப்பு. நமக்கோ, அந்தப் பிள்ளை சொல்லைத் தன் வாயில் மெதுவாகச் சொல்லிப் பார்த்து, காதில் விழுந்த மூன்று சத்தத்துக்கும் சரியான எழுத்தைத் தேடிப் போட்டிருக்கிறது என்று தெரியும். யாரையும் பார்த்து எழுதியதல்ல, சொந்த உழைப்பு. செப்டம்பர் தாளில் நடுவில் ஓர் 'ஏ' வந்திருக்கும். தீபாவளிக்கு முன்னால் 'என்' என்ற எழுத்தும் வந்து சேர்ந்திருக்கும். மூன்று தாளையும் வரிசையாக மேசையில் வைத்தால் ஆங்கிலம் தெரியாத அம்மாவுக்கும் விளங்கும். எஸ்ஸையும் 3-ஐயும் திருப்பிப் போடுவது இந்த வயதில் சாதாரணம் என்பதையும் அந்தத் தாளைக் காட்டியே சொல்லிவிடலாம்.

மீட்டிங்கில் இந்த ஃபைலைப் பிள்ளையே திறந்து காட்டட்டும். பிள்ளை இல்லாமல் நடக்கிற மீட்டிங் பெரும்பாலும் புகார் வாசிப்பாக முடிகிறது. பிள்ளை ஒரு வரி படித்துக் காட்டி, குச்சிக் கட்டுகளை வைத்து 34-ஐக் காட்டியபிறகு, "என்ன சொல்லிக்கொடுக்கிறீங்க?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆளுக்கு 5 நிமிடம் வைத்தாலும் 40 பேருக்கு 200 நிமிடம். ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள், இரண்டு நாளாகப் பிரியுங்கள். நேரத்தையும் அந்தந்த வீட்டாரின் வேலையைப் பொறுத்து வையுங்கள். விடியுமுன்னே இட்லி ஊற்றி விற்கப் போகிற குடும்பம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எப்படி வரும்? அவர்களுக்கு மத்தியானம் தோது. கட்டட வேலைக்கும் கம்பெனிக்கும் போகிறவர்களுக்குச் சாயங்காலம் ஏழு மணிதான் ஆகும். வராதவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை.

அவர்கள் சொல்வதையும் வாங்கிக்கொள்ளுங்கள். தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்திருக்கும் முழுமை முன்னேற்ற அட்டையில், ஆசிரியரின் கருத்தோடு பிள்ளையின் சுய மதிப்பீட்டுக்கும் பெற்றோரின் கருத்துக்கும் இடம் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அந்த அட்டை இல்லாவிட்டாலும் ஒரு கேள்வி போதும்: "வீட்டில் இவள் தானாகவே செய்கிற காரியம் என்ன?" இதே கேள்வியைக் கேட்ட ஓர் ஆசிரியைக்கு ஒரு தாய் சொன்ன பதிலைப் பக்கத்திலிருந்து கேட்டேன். வகுப்பில் எண்ணச் சொன்னால் தலை குனிந்து நிற்கும் அந்தச் சிறுமி, வீட்டில் வேகும் இட்லித் தட்டுகளைப் பார்த்து, தட்டுக்கு நாலு குழி, அஞ்சு தட்டு, இருபது என்று சொல்லி, பொட்டலத்துக்கு எத்தனை என்று பிரித்தும் வைப்பாளாம். மறுநாள் முதல் அந்த ஆசிரியை அவளுக்கான கணக்கை இட்லித் தட்டில் தொடங்கினார். சிறுமிக்குக் கூச்சம்தான் இருந்தது, கணக்கு தெரியாமல் இல்லை.

"வீட்டில் இங்கிலீஷில் பேசட்டுமா மிஸ்?" என்று கட்டாயம் கேட்பார்கள். தமிழிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள், ஊர்க் கதையும் சொல்லுங்கள் என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஒரு மொழியில் நடந்ததை வரிசையாகச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு, அடுத்த மொழியில் சொற்களைக் கற்றுக்கொண்டால் போதும்.

பிள்ளை பின்தங்கினால் என்ன செய்வது? தீபாவளிக்குப் பிறகும் சத்தமும் எழுத்தும் சேரவில்லையென்றால், பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். குரூப்பில் வேண்டாம், பள்ளி வாசலில் மற்றவர்கள் முன்னாலும் வேண்டாம். முதலில் வருவதைச் சொல்லி, வராததைச் சொல்லி, நீங்கள் வகுப்பில் செய்யப்போவதையும் சொல்லுங்கள். கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். மழைக்காலச் சளியில் காது அடைத்துக்கொண்டு, சத்தத்தைப் பிரித்துக் கேட்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் உண்டு. டிஸ்லெக்ஸியா (வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு) என்ற சொல்லை மட்டும் இப்போது எடுக்க வேண்டாம். 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளே கற்றல் குறைபாட்டுக்கான முதற்கட்டச் சோதனையை 3-ம் வகுப்பில் அல்லது 8 வயதில்தான் செய்யச் சொல்லியிருந்தன. ஆறு வயதில் அந்தப் பெயரைக் கேட்ட பெற்றோர் இரண்டு வருடம் தூக்கமில்லாமல் கிடப்பார்கள்.

அப்புறம், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்குப் போய்ப் பத்து நாள் லீவு போடுகிற வீடுகள். திருநெல்வேலிப் பக்கம் போகிறவர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். விட்டுப்போன பாடத்தை எழுதி முடிக்கச் சொல்லி நோட்டைக் கொடுத்தனுப்பாதீர்கள். அது திரும்பும் ரயிலில் அம்மா கையெழுத்தில் நிறையும். ரயில் நிற்கிற ஸ்டேஷன்களின் மஞ்சள் போர்டில் தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லி, பிள்ளை வாசிப்பதை ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்லுங்கள். ஆச்சி சொன்ன கதை ஒன்றையும் கேட்டு வரச் சொல்லுங்கள், வந்ததும் வகுப்பில் அதைச் சொல்லட்டும்.

தினசரி டைரியை நிறுத்தத் தலைமையாசிரியர் சம்மதிக்க மாட்டார் என்று உங்களுக்குத் தோன்றலாம். மூன்று மாதத்துக்கு மட்டும், உங்கள் வகுப்புக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். மேலே சொன்ன 24-வது பிரிவை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். சாயங்கால மீட்டிங்குக்கு வாட்ச்மேனும் ஓர் அறையும் வேண்டும் என்பதையும் அப்போதே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.