குடல்வால் அழற்சிக்குக் காலை உணவு?

கேள்வி: அப்பப்பா சேர்த்து வைத்த ஆங்கிலச் சஞ்சிகையொன்றில், கிரேப்-நட்ஸ் என்ற காலை உணவு மூளைக்கு உரமூட்டும், குடல்வால் அழற்சியைத் தவிர்க்கும் என்ற விளம்பரம் கண்டேன். இப்படியெல்லாம் எழுதச் சட்டம் விட்டதா? (உவர்மலை)

பதில்: விட்டது, அதுதான் எனது நெடுநாள் ஆற்றாமை. அமெரிக்காவின் பட்டில் கிறீக் நகரில் சி. டபிள்யூ. போஸ்ட் 1897இல் விற்கத் தொடங்கிய அந்தப் பண்டத்தில் திராட்சையும் இல்லை, கொட்டையும் இல்லை. கோதுமையையும் பார்லியையும் சுட்டு நொறுக்கிய துணிக்கைகளே இருந்தன. கொலியர்ஸ் சஞ்சிகை அந்தக் குடல்வால் கதையைக் கண்டித்தபோது, தான் விளம்பரம் கொடுக்காத கோபத்திலேயே அது எழுதுகிறது என்று போஸ்ட், பத்திரிகைகளில் காசு கொடுத்து விளம்பரம் போட்டுப் பழி சுமத்தினார். சஞ்சிகை மானநஷ்ட வழக்குத் தொடுத்தது. 1910இல் 50,000 டொலர் நட்டஈடு தீர்ப்பானது, ஆயினும் மேன்முறையீட்டில் அது நிலைக்கவில்லை. 1906ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டம் எங்கே போனது என்று கேட்பீர்கள். அது பெட்டியில் ஒட்டிய லேபிளைத்தான் பிடித்தது; பத்திரிகை விளம்பரத்தைத் தொடவில்லை. பெட்டியில் எழுதினால் குற்றம், பத்திரிகையில் எழுதினால் வியாபாரம் என்ற அந்த ஓட்டையை அடைக்க 1938 வரை சென்றது.

கேள்வி: காலை உணவால் பிள்ளையின் கவனம் 20 சதவீதம் கூடுமா? (மூதூர்)

பதில்: கெலொக்ஸ் நிறுவனமும் தனது கோதுமைத் தானிய உணவொன்றுக்கு ஏறத்தாழ அப்படித்தான் சொன்னது. ஆய்வில் அந்த அளவு முன்னேறியவர்கள் ஒன்பது பிள்ளைகளில் ஒருவர் மட்டுமே என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2009இல் சுட்டிக்காட்டியது. நிறுவனம் ஒப்பிட்டதும் காலையில் தண்ணீர் மட்டும் குடித்த பிள்ளைகளோடுதான். ஞாபகசக்திக்கென்று நானும் சத்துப்பான மா ஒரு பேணி வாங்கி, மகன் தொடாததால் தேநீரில் சீனிக்குப் பதிலாகப் போட்டுத் தீர்த்தேன்.

கேள்வி: வைத்தியர் படம் போட்டிருந்ததால் சத்துப்பான மா மூன்று பேணி வாங்கிவிட்டேன். பொருட்பட்டியலில் சீனிதான் முதலில் நிற்கிறது. என்ன செய்யலாம்? (உப்புவெளி)

பதில்: குடித்து முடியுங்கள், அடுத்த முறை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: நீரிழிவைக் குணமாக்கும் என்று அச்சிட்ட சத்துமாவை நம்பி உம்மா மாத்திரையை நிறுத்தினா. இப்போது சீனி ஏறிவிட்டது. (கிண்ணியா)

பதில்: ஏமாந்தது உம்மாவின் குற்றமல்ல. இன்றே அவவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்லுங்கள். மாத்திரையை எப்படித் தொடர்வது என்பதை வைத்தியர் சொல்லட்டும். எமது இலங்கையின் 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டம் பொய்யான லேபிளையும் விளம்பரத்தையும் சேர்த்தே தடைசெய்கிறது. ஆகையால் பைக்கற்றையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடுங்கள். மிச்ச மாவையும் பைக்கற்றோடு வைத்திருங்கள், பரிசோதனைக்குக் கேட்கக்கூடும்.