பத்து நிமிட வேலைக்கு ஏன் மூன்று நாள் பொறுமை?

கேள்வி: நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருள் ஒன்றுக்கு முதன்முறையாக ஒரு திருத்தம் அனுப்பினேன். பன்னிரண்டு வரி நிரல்தான். முகமறியாத பராமரிப்பாளர் ஒருவர், “இந்தக் கோப்பு காலியாக இருந்தால் என்ன ஆகும்?” என்பது போன்ற குறிப்புகளை வரிக்கு வரி எழுதி, மூன்று நாள் திருத்த வைத்து, அதன் பிறகே ஏற்றுக்கொண்டார். அவரே செய்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சம்பளம் இல்லாமல், என்னிடம் ஆகவேண்டிய காரியமும் இல்லாமல், ஏன் இப்படி உதவுகிறார்கள்? இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வது?

பதில்: முதலில் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லோரும் இலவசமாக உழைப்பவர்கள் அல்லர். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்கு வரும் மாற்றங்களில் பெரும்பகுதி, நிறுவனங்களில் அதற்கென்றே சம்பளம் பெறுபவர்களிடமிருந்து வருகிறது. ஆனால் உங்களுக்கு வாய்த்தவர் தன் ஓய்வு நேரத்தைச் செலவிட்டவராகவே இருக்கலாம் என்பதால், உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது.

இதே கேள்வியை கரீம் லக்கானி, எரிக் வான் ஹிப்பல் என்ற இரு ஆய்வாளர்கள் எழுப்பி, இணையதளங்களை வழங்கும் அப்பாச்சி வலை சேவையக மென்பொருளைப் பயன்படுத்துவோர் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் விதத்தை ஆராய்ந்து, 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உதவுபவர்கள் செலவிடும் உழைப்பில் 98 சதவீதம், அவர்களுக்கே கற்றலாகத் திரும்பிவிடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பிறருடைய கேள்விகளையும் பதில்களையும் படிப்பதில்தான் அவர்களுடைய நேரம் கழிகிறது. அதைத் தமக்காகவே படிக்கிறார்கள். படிக்கும்போது விடை தெரிந்த கேள்வி கண்ணில் பட்டால், பதில் எழுதச் சில நிமிடங்கள் போதும். தாங்கள் பார்த்தே இராத கணினிகளில், நினைத்தே பாராத விதங்களில் அந்த மென்பொருள் எப்படித் தடுமாறுகிறது என்பதைப் புதியவர்களின் கேள்விகளைப் போல வேறெதுவும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

ஆனால் உங்கள் அனுபவம் இந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்கவில்லை. மூன்று நாள் திருத்த வைப்பது சில நிமிட வேலை அன்று. தெரிந்த ஒன்றை எழுதிவிட்டு நகர்வதும் அன்று. காலிக் கோப்பைப் பற்றி அவர் கேட்டதை மறுபடி படித்துப் பாருங்கள். “இங்கே ஒரு சோதனையைச் சேர்க்கவும்” என்று விடையையே அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் கேள்வியாகக் கேட்டதால், அடுத்த முறை எந்தக் கோப்பைத் திறக்கும்போதும் அந்தக் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்வீர்கள். பன்னிரண்டு வரிகளை அவரே எழுதியிருந்தால் மென்பொருளில் ஒரு பிழை குறைந்திருக்கும், அவ்வளவுதான். உங்களை எழுத வைத்ததால், நாளை அவருடைய சுமையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் ஆள் கிடைக்கிறார். என் கணிப்பில் இதுவே முதன்மையான காரணம். நன்றியுணர்வு, பெயர், எழுதும் இன்பம் ஆகியவை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இத்துறை இருமுறை பட்டறிந்திருக்கிறது. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, தகவல்களை மறையாக்கிப் பாதுகாக்க இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே தாங்கி வந்தது உலகுக்குத் தெரிந்தது. 2024-இல் கோப்புகளின் அளவைச் சுருக்கும் எக்ஸ்இஸட் என்ற மென்பொருளில் நடந்தது இதைவிடக் கசப்பானது: தனியாளாகக் களைத்துப் போயிருந்த பராமரிப்பாளருக்கு, உதவ வந்தவர்போல் ஒருவர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்து, நம்பிக்கையைப் பெற்று, முடிவில் பிறர் கணினிக்குள் அத்துமீறி நுழைய உதவும் ரகசியப் பின்வாசல் ஒன்றைப் புகுத்திவிட்டார். எனவே, வரிக்கு வரி பார்ப்பது உங்களுக்குக் கற்பிப்பதற்கு மட்டுமன்று. உங்களை அளந்து பார்ப்பதற்கும்தான். அதற்காக வருந்த வேண்டாம், அப்படித்தான் பார்க்கவேண்டும்.

எல்லா இடங்களிலும் இந்தப் பொறுமை கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் கடுமொழிக்காக 2018-இல் மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் விலகி நின்றார். நல்ல கையில் அகப்பட்டிருக்கிறீர்கள்.

கைம்மாறு என்றீர்கள். நீண்ட நன்றிக் கடிதம் தேவையில்லை. அந்த மென்பொருளை நிறுவும்போது எந்தப் படியில் சிக்கினீர்களோ, அதை வழிகாட்டி ஆவணத்தில் இப்போதே எழுதிச் சேர்த்துவிடுங்கள். பழகியவர் கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியாது. சில மாதங்களில் உங்கள் கண்ணுக்கும் தெரியாமல் போய்விடும். இன்னொருவர் அனுப்பிய திருத்தத்தை உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்து, எந்தப் பதிப்பில் வேலை செய்தது, எங்கே நின்றது என்று எழுதுங்கள். பராமரிப்பாளரின் ஒரு மாலைப்பொழுது அதனால் மிச்சமாகும். எடுத்த வேலையை முடிக்க முடியாத நிலை வந்தால், சொல்லாமல் மறைந்துவிடாமல், “என்னால் தொடர இயலவில்லை” என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதை அவர்கள் குறையாகக் கொள்ளமாட்டார்கள். வேலையை வேறொருவரிடம் கொடுத்துக்கொள்வார்கள்.