ஆறாம் வகுப்பில் விட்ட கணக்கு

வணக்கம்.

கொரோனா காலப் பள்ளி மூடல் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் மகன் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கணக்கில் 71 வாங்கினான். இப்போது காலாண்டில் 19. கேட்டால், “பாடம் புரியுதும்மா, போட்டாதான் தப்பா வருது” என்கிறான். பள்ளி மூடியபோது ஐந்தாம் வகுப்பில் இருந்தான். ஆறாம் வகுப்பு முழுக்கக் கல்வித் தொலைக்காட்சியும் என் கைப்பேசியும்தான். டியூஷனில் சேர்த்து நாலு மாதம் ஆகிறது, மாற்றமில்லை. டியூஷன் ஆசிரியர் “பேசிக்ஸ் வீக்” என்கிறார். எந்த பேசிக்ஸ் என்றால் “எல்லாமே” என்கிறார். நான் பி.காம். படித்தவள், ஓரளவு சொல்லித்தர முடியும். ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கட்டுமா? இல்லை, வணிகவியல் பிரிவுக்கு மாற்றிவிடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் மகனிடம் எல்லாமே போய்விடவில்லை. நாலைந்து இடங்களில்தான் ஓட்டை இருக்கும். அவை எவை என்று ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடலாம், அடைக்க ஆறு வாரம் பிடிக்கும்.

முதலில் தேதிகளைப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. 2021 ஜனவரி 19-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளும் பிப்ரவரியில் ஒன்பது, பதினொன்றும் திறந்து, மார்ச்சில் பன்னிரண்டைத் தவிர மற்றவை மறுபடி மூடின. ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-இல்தான். அதாவது உங்கள் மகனுக்கு ஆறாம் வகுப்பு முழுதும் ஏழாம் வகுப்பின் முன்பாதியும் வீட்டில் கழிந்தன. நம் பாடநூலில் பின்னங்களும் முழுக்களும் (மைனஸ் எண்களும் சேர்ந்தவை) ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் வருகின்றன. முழுக்களின் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் ஏழாம் வகுப்பு முதல் பருவத்தில். உயர்நிலைக் கணக்கு முழுவதையும் தாங்குகிற இந்த இரண்டும் சரியாக அந்த மூடிய மாதங்களில் போய் விழுந்தன. அவனைவிட மூன்று வருடம் மூத்த பிள்ளைகளுக்கு வேறு பாடங்கள் போயின; அவர்களுக்குச் சொல்லும் வைத்தியம் இவனுக்கு ஆகாது.

கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நன்றாகவே நடந்தது. பிள்ளைகளும் பார்த்தார்கள். நடக்காமல் போனது திருத்தம். வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டுவிட்டு வரிசைகளுக்கு நடுவே நடந்துவருவார். நோட்டில் 2/3 + 1/4 = 3/7 என்று எழுதியிருப்பதைப் பார்த்ததும் அங்கேயே நின்று சிவப்பு மையில் சுழிப்பார். அந்தச் சுழி விழாத பிள்ளை, தவறான வழியையே சரியென்று நம்பி, வருடக்கணக்காகப் போட்டுப் போட்டுப் பழகிவிடுகிறது. இது தெரியாமை அல்ல, பழகிப்போன பிழை. அதனால்தான் இன்னொரு முறை பாடம் நடத்தினால் சரியாவதில்லை. இன்னொரு யூடியூப் காணொளியும் உதவாது.

அப்படியானால் 71 எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் அமைப்பு அப்படி. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. பெரும்பாலும் பாடத்தின் பின்பக்கத்திலிருந்து வருபவை, மனப்பாடம் போதும். செய்முறை வடிவியல் 8, வரைபடம் 8. பழகினால் கையே போட்டுவிடும். இதிலேயே 30 ஆயிற்று. இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் பதினான்குக்குப் பத்து எழுதினால் போதும். சூத்திரத்தில் எண்ணைப் போட்டு முடிக்கிற அளவியல், புள்ளியியல் கணக்குகளைத் தேர்ந்துகொண்டு இயற்கணிதத்தை ஒதுக்கிவிடலாம். அவன் உழைத்து வாங்கிய மதிப்பெண்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தாள் பின்னத்தையும் குறியையும் தனியே சோதிப்பதில்லை. பதினொன்றில் ஒதுங்க இடமில்லை, எல்லாக் கணக்கும் அந்த வழியாகத்தான் போகிறது.

பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் இரண்டாம் தொகுதியில் வரப்போகும் எல்லை (லிமிட்) பாடத்தின் வகைக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது (1/எக்ஸ் − 1/2) ÷ (எக்ஸ் − 2) என்பதன் எல்லை மதிப்பு என்ன? முதல் வரியில் பின்னங்களைக் கழிக்க வேண்டும்: (2 − எக்ஸ்)/(2எக்ஸ்). இரண்டாம் வரியில் (2 − எக்ஸ்) என்பது (எக்ஸ் − 2)-இன் எதிர் என்று கண்டு அடித்தால் −1/(2எக்ஸ்) மிஞ்சும். மூன்றாம் வரியில் எக்ஸுக்கு 2-ஐப் போட்டால் −1/4. இதில் பதினொன்றாம் வகுப்புக்கு உரியது அந்த மூன்றாம் வரி மட்டும். முதலிரண்டும் ஆறு, ஏழாம் வகுப்புச் சரக்கு. ஒரு பையன் விடை 0 என்று எழுதினால், மேலெண்ணில் மேலெண்ணைக் கழித்து 1 − 1 = 0 என்று போட்டிருக்கிறான்; அவனுக்குப் பின்னம் இல்லை. 1/4 என்று எழுதினால் பின்னம் இருக்கிறது, குறி இல்லை. இருவருக்கும் மதிப்பெண் பட்டியலில் ஒரே பூஜ்யம். “பாடம் புரியுது, போட்டா தப்பா வருது” என்று அவன் சொல்வது பொய்யே அல்ல. பதினொன்றாம் வகுப்புப் பாடம் அவனுக்குப் புரிந்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை ஒரு தாள், பன்னிரண்டு கேள்வி, நாற்பது நிமிடம். கால்குலேட்டர் வேண்டாம், அழிப்பான் வேண்டாம், “இது ஆறாம் வகுப்புக் கணக்கு” என்று சொல்லவும் வேண்டாம். −7 − 5, 4 − (−9), 2/3 + 1/4, 3/5 ÷ 2, 0.3 × 0.2; 8 + 4 = □ + 5; 5எக்ஸ் = 3 என்றால் எக்ஸ் எவ்வளவு; 3 − 2(எக்ஸ் − 4)-ஐச் சுருக்கு; √(9 + 16); 2⁻³; (எக்ஸ் + 6)/6 எவ்வளவு; விலையை 20 சதவீதம் ஏற்றிய பிறகு ஒரு பை 240 ரூபாய் என்றால் முன்பு என்ன விலை. விடைகள் வரிசையாக: −12, 13, 11/12, 3/10, 0.06, 7, 3/5, 11 − 2எக்ஸ், 5, 1/8, எக்ஸ்/6 + 1, 200 ரூபாய்.

எத்தனை சரி என்று எண்ணாதீர்கள். தவறான விடை என்னவென்று பாருங்கள். −7 − 5-க்கு 12 வந்தால், பெருக்கலுக்கு உரிய ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ கழித்தலுக்குள் புகுந்துவிட்டது. −2 வந்தால் அவன் −7 + 5 போட்டிருக்கிறான். □-இல் 12 எழுதினால், சமக்குறி என்பது ‘விடை இங்கே’ என்கிற அம்புக்குறியாக அவனிடம் நிற்கிறது. இரு பக்கமும் ஒரே மதிப்பு என்பது பதியவில்லை. 5எக்ஸ் = 3-க்கு −2 வந்தால், ‘அந்தப் பக்கம் போனா குறி மாறும்’ என்ற வாய்ப்பாட்டின் வேலை: 5-ஐ −5 ஆக்கி அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறான். எட்டாவதில் ‘எக்ஸ் − 4’ வந்தால் 3 − 2-ஐ முதலில் கழித்துவிட்டான். ‘−2எக்ஸ் − 5’ வந்தால் அடைப்பைப் பிரிக்கையில் குறி தவறியது. √(9 + 16) = 7, (எக்ஸ் + 6)/6 = எக்ஸ் இரண்டும் ஒரே குடும்பம்: கூட்டலை உடைக்கக் கூடாத இடத்தில் உடைப்பது. பை 192 ரூபாய் என்றால் 240-இலேயே 20 சதவீதம் எடுத்துக் கழித்திருக்கிறான். எதன் மேல் சதவீதம் என்ற கேள்வி அவனுக்கு எழவில்லை. வெறும் கவனப் பிசகா என்று சந்தேகம் வந்தால், இரண்டு நாள் கழித்து எண்ணை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அதே மாதிரித் தவறு மறுபடி வந்தால் பழகிய பிழை.

இனி அடைக்கிற வேலை. வாரம் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம், எட்டுக் கணக்கு: நான்கு இந்த வாரத்துக்கு உரியவை, இரண்டு போன வாரத்தில் சரிசெய்தவை, இரண்டு பள்ளியில் நடந்துகொண்டிருக்கும் பாடத்திலிருந்து, அதே திறன் தேவைப்படுகிற மாதிரி. இந்தக் கலவையை விட்டுவிடாதீர்கள். ஒரே வகையை இருபது தடவை போட்டால் அன்றைக்கு எல்லாம் சரியாக வரும். எது என்ன வகை என்று தானே இனம்காணும் வேலை அதில் இல்லாததால் அடுத்த வாரமே காணாமல் போகும்.

முதல் வாரம் குறி. விதியையே வாயில் எடுக்காதீர்கள். எண்கோடு வரைந்து, −7-இல் நின்று எந்தப் பக்கம் எத்தனை கட்டம் என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு ஒரே தாளில் −7 − 5, −7 + 5, −7 − (−5), (−7) × (−5) நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள். −12, −2, −2, 35. நடுவில் உள்ள இரண்டும் ஏன் ஒரே விடை என்று அவனே சொல்லும் வரை இந்த இடத்தை விட்டு நகர வேண்டாம்.

இரண்டாம், மூன்றாம் வாரம் பின்னம். இதற்குத்தான் அதிக நேரம் தேவை. இரண்டு ஏ4 தாள் எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக மூன்றாகவும் குறுக்கே நான்காகவும் மடித்துப் பிரித்தால் 12 கட்டம். ஒரு தாளில் 2/3-ஐ நிழலிட்டால் 8 கட்டம், மற்றதில் 1/4-ஐ நிழலிட்டால் 3 கட்டம். மொத்தம் 11/12. மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு) எதற்கு என்பது கையில் தெரிகிறது: இரண்டு பின்னத்தையும் ஒரே அளவுக் கட்டத்தில் எண்ணுவதற்கு. அடுத்து மதிப்பீடு. 2/3 ஒன்றே பாதிக்கு மேல். மேலே சொன்ன தவறான விடை 3/7 பாதிக்கும் கீழ். ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டினால் எப்படிக் குறையும்? கணக்குப் போடும் முன் ‘அரைக்கு மேலா கீழா, ஒன்றுக்கு மேலா கீழா’ என்று எழுதிவிட்டுத் தொடங்கும் பழக்கம் வந்துவிட்டால், அவனுடைய தவறை அவனே பிடிப்பான்.

நான்காம் வாரம் அடைப்பும் சமன்பாடும். ‘அந்தப் பக்கம் கொண்டுபோ’ என்ற பேச்சை நிறுத்தி, ‘இரு பக்கமும் 5-ஆல் வகு’ என்று ஒவ்வொரு வரியிலும் எழுதவையுங்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். சுருக்கிய விடையைச் சரிபார்க்க எக்ஸுக்கு ஏதாவது எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 3 − 2(எக்ஸ் − 4)-இல் 6 போட்டால் −1. 11 − 2எக்ஸிலும் −1. தவறான ‘எக்ஸ் − 4’-இல் 2 வந்து மாட்டிக்கொள்ளும். ஆனால் 5 போட்டுப் பார்த்திருந்தால் சரியானதிலும் தவறானதிலும் 1 என்றே வந்திருக்கும்! எப்போதும் இரண்டு எண்களைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாம் வாரம் தசமம், சதவீதம், அடுக்குகள், வர்க்கமூலம். ஆறாம் வாரம் எக்ஸ் உள்ள பின்னங்கள். மேலே சொன்ன எல்லைக் கணக்கின் முதலிரண்டு வரியும் அப்போது தானாக வரும்.

நோட்டைத் திருத்துவது நீங்கள்தான். பி.காம். தாராளமாகப் போதும். முதல் தவறான வரியை மட்டும் சுழியுங்கள். சரியான விடையை எழுதித்தராதீர்கள். “இந்த வரி எப்படி வந்தது, சொல்லு” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘புரியுதா’ என்று கேட்டால் ‘புரியுது’ என்றுதான் பதில் வரும். தவறான வரி அழியாமல் நோட்டிலேயே இருக்கட்டும், சரியானது அதன் கீழே வரட்டும். மூன்று வாரம் கழித்து அதே வகை மறுபடி தவறினால், அந்த ஒன்றை மட்டும் திரும்ப எடுங்கள்.

ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து நடத்த வேண்டாம் என்பதற்குக் காரணம், அதில் பெரும்பகுதி அவனுக்குத் தெரியும். தெரிந்ததைப் பதினாறு வயதுப் பையனிடம் மறுபடி நடத்தினால் அவமானப்பட்டு இரண்டே வாரத்தில் நிறுத்திவிடுவான். பின்னம், முழுக்கள் இரண்டு அலகுகளின் பயிற்சிக் கணக்குகளை மட்டும் தாளில் எழுதிக் கொடுங்கள்.

வணிகவியலுக்கு மாறினாலும், வணிகக் கணிதம் எடுத்தால் பகுதிப் பின்னங்கள், முக்கோணவியல், வகையீடு எல்லாம் அங்கேயும் உண்டு. இதே ஓட்டை கூடவே வரும். வணிகவியல் பிரிவு என்றால் பொறியியல் வாசலும் பெரும்பாலும் அடைபடும். அந்த முடிவை ஆறு வாரத்துக்குப் பிறகு, அவன் விருப்பத்தைக் கேட்டு எடுங்கள். 2025-26 கல்வியாண்டு முதல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதால் அவனுக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. அதற்காகப் பதினொன்றாம் பாடத்தை யாராவது அவசரமாகத் தாண்டினால் விடாதீர்கள். இங்கே வகையீடு வராதவனுக்குப் பன்னிரண்டில் வகைநுண்கணிதப் பயன்பாடும் தொகையீடும் வராது.

டியூஷனைத் தொடர்வதானால், திருத்திய அந்தப் பன்னிரண்டு கேள்வித் தாளை அந்த ஆசிரியரிடமும் பள்ளிக் கணக்கு ஆசிரியரிடமும் காட்டுங்கள். “பையன் வீக்” என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய இயலாது. “பின்னக் கழித்தலில் மேலெண்ணில் மேலெண்ணைக் கழிக்கிறான், அடைப்பைப் பிரிக்கும்போது குறி தவறுகிறது” என்று சொன்னால், அடுத்த வகுப்பில் அவன் நோட்டில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும்.