காயீன் தம்பிக்கிட்ட என்ன சொன்னான்?

கேள்வி: ஐயா, வேதாகம வகுப்புல ஆதியாகமம் 4:8 வாசிக்கக்குள்ள "காயீன் ஆபேலோட பேசினான்" எண்டு இருந்திச்சி. என்ன பேசினான் எண்டு கேட்டதுக்கு, வேதத்துல பிழை தேடாத எண்டு ஏசிட்டாங்க. நான் கேட்டது பிழையா?
- ஒரு வாசகி, கல்லடி

பதில்: பிழையே இல்ல தங்கச்சி, நீங்க கேட்ட இதே கேள்விய 900 வருசத்துக்கு முதலே யூத ரபிமார், அதாவது அவங்கட வேத குருமார், கேட்டு உரையும் எழுதி வச்சிருக்காங்க. எபிரேய மூலத்துல அது "பேசினான்" இல்ல, "சொன்னான்". சொன்னான் எண்டா சொன்ன பேச்சு அடுத்து வரணும்தானே, வராது, நேரா ரெண்டு பேரும் வயலுக்குள்ள நிக்கிறாங்க, காயீன் தம்பியக் கொல்றான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்புல "வா வயலுக்குப் போவம்" எண்டு போட்டு அந்த இடத்த நிரப்பிட்டாங்க. ரபிமார் மூலத்துல ஒரு எழுத்தும் கூட்டல்ல, பக்கத்துல உரைதான் எழுதினாங்க.

அந்த ரபிமார்ல ஒருத்தர், பிரான்சுல இருந்த ராஷி (1040-1105) சொல்றார், கொல்ல ஒரு சாட்டு வேணும் எண்டு காயீன் வலிய சண்டைக்கு இழுத்தானாம். ஸ்பெயின்காரர் இப்னு எஸ்ரா, கடவுள் தனக்கு ஏசினதத்தான் தம்பிக்கிட்ட சொல்லியிருப்பான் எண்டுறார். இதுக்கெல்லாம் முந்தின மித்ராஷ் கதை (ரபிமாரிட பழைய வேத விளக்கக் கதை) ஒண்டு இருக்கு, அண்ணனும் தம்பியும் உலகத்தப் பங்கு பிரிச்சி, ஒருத்தன் காணிய எடுக்க மத்தவன் அசையும் சொத்த எடுத்தானாம், பிறகு "நீ நிக்கிற மண் என்ட, பறந்து போ" எண்டு ஒருத்தன், "நீ உடுத்திருக்கிறது என்ட, கழட்டு" எண்டு மத்தவன். நம்மட வட்டைக்குள்ள வரம்புச் சண்டை பாத்த ஆக்களுக்கு இத விளக்கத் தேவல்ல. ராஷிக்கு இந்தக் கதைகள் தெரியும், ஆனா வசனத்துக்குப் பொருந்துறது தான் சொன்னதுதான் எண்டு பிரிச்சிக் காட்டுறார், எனக்கு அவர்ல பிடிச்சதே இந்த நேர்மைதான்.

திருக்குறளுக்குப் பத்துப்பேர் உரை எழுதினமாதிரி இவங்களும் ஒருத்தர ஒருத்தர் மறுத்துத்தான் எழுதினாங்க. ராஷிட பேரன் ரஷ்பாம் தாத்தாக்கிட்டயே வாதாடியிருக்கார், நேரம் கிடைச்சா வேற உரை எழுதணும் எண்டு தாத்தாவே ஒத்துக்கொண்டாராம்.

இன்னொண்டு, ஆதியாகமம் 28:5 பாருங்க, ரெபெக்காள் "யாக்கோபுக்கும் ஏசாவுக்கும் தாய்" எண்டு இருக்கும். அதுதான் முதலே தெரியுமே, ஏன் திரும்பச் சொல்லணும்? ராஷி அந்த இடத்துல "இது நமக்கு என்னத்தப் படிப்பிக்குது எண்டு எனக்குத் தெரியாது" எண்டு எழுதினார். தெரியாட்டி ஒண்டும் எழுதாம விட்டிருக்கலாம், ஆரும் கேட்டிருக்க மாட்டாங்க. அடுத்த வகுப்புலயும் கேளுங்க தங்கச்சி.