ஆபரேஷன் ஆன காலைத் தொங்கவிட்டால் ஊதாவாகிறது என்றவருக்கு

கட்டைவிரல் எலும்பு ஆபரேஷன் முடிந்து 12ஆம் நாள், காலைக் கட்டிலிலிருந்து இறக்கினாலே விரல்கள் ஊதாவாகி விண்விண்ணென்று தெறிப்பது பெரும்பாலும் நீங்கள் பயப்படுகிற சீழ் அல்ல, ரத்தம் தேங்குவதுதான். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். இப்போது நடை இல்லை, வீக்கம் வேறு.

மல்லாந்து படுத்து, பாதம் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். நிறம் தெளிந்து வலி தணிந்தால் தேக்கம்தான். ஸ்டூலில் கால் நீட்டி உட்காருவது கணக்கில் வராது. டிவி முன்னால் அப்படி உட்கார்ந்து மூன்று நாள் நானும் ஏமாந்தேன். தலையணை கெண்டைக்கால் முழுக்கத் தாங்கட்டும், குதிகால் அந்தரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் குதிகாலில் புண் வரும்.

அடுத்து, விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு மூன்று விநாடியில் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் சில்லிட்டு மரத்திருக்கிறது என்றால் கட்டு இறுக்கமாக இருக்கலாம். நீங்களே அவிழ்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காய்ச்சல், கட்டுத்துணியில் கசிவு அல்லது நாற்றம், ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியோடு வீக்கம் இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108தான்.

சர்க்கரை உண்டா என்று எழுதவில்லை. இருந்தால் வலி இல்லை என்பதை நம்பாதீர்கள், தினமும் கண்ணால் பாருங்கள்.